ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை?

ஊரில் குழந்தைகள் காப்பகம் தொடங்கலாம் என்று நாலு பேர் கூடினால் முதலில் கட்டடத்தைப் பற்றித்தான் பேச்சு வரும். சர்ச்சின் பங்கு மன்றம் வாரநாளில் சும்மாதானே கிடக்கிறது, சமுதாய நலக்கூடத்துப் பின் அறையைக் கேட்டால் தருவார்கள், சுவரில் யானையும் முயலும் வரைந்து ஒரு சறுக்கு வாங்கிப் போட்டால் ஆயிற்று. ஒரு கைக்குழந்தைக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் ஓர் ஆளின் முழுக் கையும் வேண்டும் என்று கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர் அந்தக் கூட்டத்தில் அனேகமாக இருக்கமாட்டார். அந்தக் கணக்கு இல்லாமல் தொடங்கிய காப்பகம் பூட்டப்படுவதில்லை, வேறொன்றாக மாறிவிடும். கைக்குழந்தைகளைச் சேர்ப்பது சத்தமில்லாமல் நிற்கும். பிறகு ஒன்றரை வயதுக்காரர்களும் குறைவார்கள். கடைசியில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி எழுதவைக்கும் இடமாக அது மிஞ்சும். அந்த வேலைக்கு அங்கன்வாடி இருக்கிறது, தெருவுக்குத் தெரு நர்சரியும் இருக்கிறது. இல்லாதது ஆறு மாதக் குழந்தையை ஒன்பது மணி நேரம் நம்பி விட்டுப்போக ஓர் இடம்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குழந்தைக்கு எட்டு மாதம். காலை 8 முதல் மாலை 5 வரை 540 நிமிடம். பாலும் உணவுமாக நாலு முறை ஊட்ட வேண்டும். அவசரப்படுத்தாமல் ஊட்டினால் ஒரு முறைக்கு 20 நிமிடம், ஆக 80. துணி மாற்றுவது ஐந்து முறை. கழுவித் துடைத்து, தன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி முடிக்க 5 நிமிடம் வீதம் 25. உறங்கவைப்பது இரண்டு முறை, 15 நிமிடம் வீதம் 30. ஆகமொத்தம் 135 நிமிடம். மூன்று குழந்தைக்கு 405. மிச்சமிருக்கும் 135 நிமிடத்தில்தான் தரையில் உட்கார்ந்து விளையாடுவது, அழுவதைத் தூக்குவது, நோட்டில் எழுதுவது, விளையாட்டுச் சாமானைக் கழுவுவது, டீச்சர் தன் சோற்றைச் சாப்பிடுவது எல்லாம். நாலாவது குழந்தையைச் சேர்த்தால் 540. ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. டீச்சர் சாப்பிடவும் இல்லை, கக்கூசுக்குப் போகவும் இல்லை, எந்தக் குழந்தையோடும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை என்று அர்த்தம்.

தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் (2022 முதல் அதன் பேர் ‘பால்னா’) வைத்த அளவு 25 குழந்தைக்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும். ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம், மாதத்துக்கு 26 நாள். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளே பெரும்பாலும் வரும் இடத்தில் அதை வைத்துக் காலம் தள்ளலாம். தவழும் குழந்தை ஆறு இருந்தால் முடியாது. ஒரு வயதுக்குக் கீழே மூன்றுக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஆறுக்கு ஒருவர், அதற்கு மேல் எட்டு அல்லது பத்துக்கு ஒருவர். இதற்கு மேல் இழுத்தால் கிழியும். தீப்பிடித்தால் ஓர் ஆள் இரண்டு கையிலும் எத்தனை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட முடியும் என்று கேட்டுப் பார்த்தாலும் இதே எண்ணுக்குத்தான் வந்து நிற்போம்.

தாளில் 405 நிமிடம் நாள் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அறைக்குள் அப்படி இருக்காது. முற்பகல் 11.40ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை உறக்கத்திலிருந்து விழித்து அழுகிறது. இன்னொன்று கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டது, இனிப் பொறுக்காது. மூன்றாவது துணியை நனைத்துவிட்டு அதன் மேலேயே தவழ்கிறது. டீச்சர் இருவராகவும் குழந்தை ஆறாகவும் இருந்தால் ஒருவர் துணி மாற்றும் மேடையிலேயே நிற்பார், மற்றவர் ஊட்டும் பாயிலேயே இருப்பார். குழந்தைதான் இடம் மாறும். டீச்சர் ஒருவரே என்றால் துணி மாற்றிய கையைக் கழுவாமல் கிண்ணத்தை எடுக்கும் நிமிடம் இதுதான். காப்பகத்தில் வயிற்றுப்போக்கு பரவும் வழியைத் தேடி வெகுதூரம் போகவேண்டாம். அதனால் ஒரு விதி எழுதாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: அன்றைக்கு மலம் துடைத்தவர் அடுப்படிக்குள் போகக்கூடாது, அடுப்படியில் நிற்பவர் துணி மாற்றக்கூடாது. ஆள் குறைந்த நாளில் முதலில் உடைவது இந்த விதி.

தொட்டில் விஷயத்தில் எங்கும் தகராறு வரும். வீட்டில் சேலைத் தொட்டிலில் ஆட்டியே பழகிய குழந்தை பாயில் போட்டால் உறங்காது, கத்தும். “ஒரு கம்பு கட்டித் தொட்டில் போட்டா என்ன டீச்சர்?” என்று பாட்டிமார் கேட்பது நியாயம்தான். ஆனால் ஆட்டுகிற கை வேறெதற்கும் உதவாது; மூன்று தொட்டில் கட்டினால் மூன்று ஆள் வேண்டும். சேலை மடிப்புக்குள் முகம் புதைந்தாலும் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு தடைப்பட்டாலும் வெளியே தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். தட்டையான, அழுத்தினால் குழியாத மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைப்பதுதான் முறை. தலையணை வேண்டாம், கடுகுத் தலையணையும் வேண்டாம், மேலே போர்வை வேண்டாம். கழுத்தில் கயிறோ மாலையோ இருந்தால் உறங்கும் நேரத்துக்குக் கழற்றி, பேர் எழுதிய டப்பியில் போட்டு, மாலையில் அம்மா கையில் கொடுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அருகில் போய் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் போதாது. தொட்டிலை மறக்கவைக்கப் பத்து நாள் ஆகும். முதல் மூன்று நாள் மடியில் உறங்கவைத்து மெத்தைக்கு மாற்றுவது, அடுத்து மெத்தையில் கிடத்தி நெஞ்சில் கை வைத்துத் தட்டுவது, அதற்கடுத்துக் கை எடுத்து அருகில் உட்கார்ந்திருப்பது. வீட்டிலும் இரவில் ஒரு தடவையாவது பாயில் போடச் சொன்னால் நாலு நாள் மிச்சம்.

சேர்க்கிற வயதுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. ஆறு மாதத்தில் வரும் குழந்தை யார் தூக்கினாலும் அனேகமாகப் போகும். எட்டு மாதத்துக்கு மேல் ஆள் அடையாளம் கண்டு, அம்மா கதவைத் தாண்டினாலே வீறிடும். பத்து மாதத்தில் சேர்ப்பவர்களுக்கு இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும்: முதல் நாள் அம்மாவோடு ஒரு மணி நேரம், இரண்டாம் நாள் அம்மா பத்து நிமிடம் வெளியே, பிறகு அரை மணி, ஒரு சாப்பாட்டு நேரம், ஓர் உறக்கம். சொல்லாமல் நழுவிப் போகிற அம்மாவைத் தடுக்க வேண்டும். “போயிட்டு வாறேன்” என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனால் அழுகை உரக்க வரும், ஆனால் சீக்கிரம் அடங்கும். நழுவிப் போனால் மறுநாள் முதல் குழந்தை டீச்சரின் முந்தானையை விடாது. அப்போது ஒரு கை போயிற்று.

எத்தனை மணிக்குத் திறப்பது

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரே நேரம் எல்லா ஊருக்கும் ஒத்துவராது. அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) போகிறவர்களுக்குக் காலை 8 முதல் மாலை 5. ரப்பர் வெட்டும் வீட்டில் விடியுமுன்னே கிளம்பிப் பத்து, பதினொரு மணிக்கு ரப்பர் பாலை ஊற்றி முடித்துவிடுவார்கள். மீன் விற்கப் போகும் பெண்கள் ஏலத்துக்குக் கடற்கரையில் நிற்கும் நேரத்தில் எந்தக் காப்பகமும் திறந்திருக்காது. மத்தியானம் அவர்கள் திரும்பிவிடுவார்கள். தோவாளைப் பக்கம் பூக் கட்டுகிறவர்களுக்கும் வேலை அதிகாலையில்தான். ஒரு காப்பகம் இரண்டு வகை வேலைக்குச் சேர்த்து நேரம் வைத்தால் காலை 5 முதல் மாலை 5 என்று ஆகி, ஆள் கணக்கு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் அம்மாக்களில் எந்த வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் என்று எண்ணி, ஒரு நேரத்தை முடிவு செய்து, மற்றவர்களிடம் நேரடியாகச் சொல்லிவிடுவது நல்லது.

வேலைக்குத் தகுந்தபடி கவனமும் மாறும். அண்டி உடைக்கிறவர்கள் பால் கொடுக்க வரும்போது கையில் அண்டித் தோட்டு எண்ணெய் இருக்கும். பெரியவர்கள் தோலையே பொள்ளவைக்கும் எண்ணெய் அது. குழந்தை தோலில் பட்டால் சொல்லவேண்டாம். வாசலிலேயே தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலும் சோப்பும் வைத்து, முதலில் எண்ணெய் தடவித் துணியால் துடைத்து, பிறகு சோப்பில் இரண்டு முறை கழுவி, மேலே ஒரு சுத்தமான துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காரச் சொல்ல வேண்டும். ரப்பர் வீடுகளிலிருந்து வரும் பையில் ஆசிட் குப்பி இருக்கக்கூடாது. ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட்டைத் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் ஆபத்தானது. பையை வாங்கும்போதே திறந்து பார்த்துவிட வேண்டும்.

பங்கு மன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகை இல்லை என்பது பெரிய லாபம். ஆனால் கல்யாண வீடு, மரித்த வீட்டுச் சாப்பாடு என்று வந்தால் முதல் நாள் மாலை எல்லாவற்றையும் சுருட்டி அடுக்க வேண்டும். திருவிழா பத்து நாளும் ஒலிபெருக்கி. மத்தியான உறக்கம் போச்சு. பூட்டிவைக்கத் தனி அலமாரியும், மாதத்தில் எத்தனை நாள் மன்றம் வேறு காரியத்துக்குப் போகும் என்ற கணக்கும் எழுத்தில் வாங்காமல் சாவியை வாங்கக்கூடாது.

பால், கஞ்சி

அம்மா பிழிந்து கொடுக்கும் பால்தான் முதல் தேர்வு. சாதாரண அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும் என்று சொல்வது 25 டிகிரியை வைத்து. நம் ஊர் மார்ச் மாதத்துக்கு அது பொருந்தாது. வாங்கிய உடனே ஃபிரிட்ஜில், கதவுப் பக்கம் இல்லாமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அங்கே 4 டிகிரியில் நாலு நாள் வரை இருக்கும். ஒவ்வொரு டம்ளரிலும் பேர், தேதி, பிழிந்த நேரம். ஒரு தடவைக்கு 60 அல்லது 90 மில்லியாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னால் வீணாகாது, ஏனென்றால் குழந்தை வாய் வைத்த பாலில் மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டியதுதான். சூடாக்க அடுப்பில் வைக்கவேண்டாம். வெந்நீர்க் கிண்ணத்தில் டம்ளரை இறக்கி வைத்தால் போதும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியை வைத்திருக்கும். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்தபோது நாள்கணக்கில் இருட்டாகக் கிடந்த மாவட்டம் இது. ஐஸ் பெட்டி ஒன்றும், உறைந்த ஜெல் பொதிகள் நாலும் எப்போதும் இருக்க வேண்டும்.

ஊட்டுவதற்குப் புட்டியைவிடப் பாலாடையோ சின்ன டம்ளரோ நல்லது. புட்டியின் ரப்பரைக் கழுவி முடிப்பது பெரிய வேலை. பாலாடையை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால் தீர்ந்தது. பால் பவுடர் வேண்டியிருக்கும் குழந்தைக்கு, கொதித்து இறக்கி அரை மணிக்குள், 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கி, குழாய்த் தண்ணீரில் டம்ளரை வைத்து ஆறவைத்து, இரண்டு மணிக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கலக்கினால் பவுடரில் இருக்கும் கிருமி சாகாது. யாராவது கம்பெனிக்காரர் இலவச டப்பா கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி இலவச மாதிரி கொடுத்து விளம்பரம் செய்வதைத் தடுத்திருக்கிறது.

ஆறு மாதம் முடிந்ததும் ஏத்தன்காய் (நேந்திரங்காய்) பொடிக் கஞ்சி இந்தப் பக்கத்தில் வழக்கம். நல்ல வழக்கமும்கூட. இரண்டு டேபிள்ஸ்பூன் பொடியை 150 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே ஏழு நிமிடம் வேகவைத்து, இறக்கும்போது அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட வேண்டும். உப்பு, சர்க்கரை ஒரு வயது வரை வேண்டாம். தேன் கண்டிப்பாக வேண்டாம். பதம் பார்ப்பது எளிது: கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஒழுகி ஓடக்கூடாது, மெல்ல வழுகி விழ வேண்டும். “பிள்ளைக்குத் தொண்டையில நிக்கும்” என்று பயந்து நீர்க்கக் காய்ச்சுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. சின்ன வயிறு தண்ணீரால் நிறையும், எடை ஏறாது. பொடியை மாசி, பங்குனி வெயிலில் காயவைத்து அரைத்துக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். ஆனி, ஆடி மழையில் காயப்போட்ட காய் உள்ளே ஈரமாகவே இருந்து பூஞ்சை பிடிக்கும்; வாசனை லேசாக மாறியிருந்தாலும் குப்பைக்குப் போடுவதே சரி. மட்டி வாழைப்பழத்தை நசுக்கிக் கொடுப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆரம்பத்தில் இரண்டு மூன்று ஸ்பூன், எட்டு மாதத்துக்குள் அரைக் கிண்ணம் வரை, ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் ஒரு கிண்ணம். கிண்ணம் என்றால் 250 மில்லி.

பெரிய பிள்ளைகள் 14 பேருக்கு மத்தியானம் கஞ்சியும் பயறும் என்றால் அரிசி 800 கிராம், சிறுபயறு 250 கிராம், எண்ணெய் 70 மில்லி, கூடவே ஒரு கீரை. வாரத்தில் மூன்று நாள் முட்டை. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) வைப்பதானால் தோலை முழுக்க உரித்து, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். கசக்கும் கிழங்கை எடுக்கவே கூடாது. மரச்சீனியில் மாவுச்சத்து தவிர வேறு அதிகம் இல்லை, ஆகவே மீனோ பயறோ இல்லாமல் அது மட்டும் ஒரு சாப்பாடாகாது. மீன் கொடுக்கும் நாளில் முள் எடுக்கத் தனியாக ஓர் ஆள் உட்கார வேண்டும். முடியாவிட்டால் அன்றைக்கு மீன் வேண்டாம். நெத்திலியையும் சாளையையும் ஊட்டும் வேகத்தில் நம்பமுடியாது.

வாயில் அடைக்கும் பொருள்களின் பட்டியல் நம் மண்ணுக்கென்று தனியாக உண்டு. ரம்புட்டான் கொட்டை வழவழப்பானது, சரியாகக் குழந்தையின் தொண்டை அளவு. மழைக்காலத்தில் ஆளுக்கொரு கொத்து கொண்டுவந்து டீச்சர் மேசையில் வைப்பார்கள். காப்பகத்துக்குள் அது வரவே கூடாது. அயனிச்சக்கைக் கொட்டை, முழு நிலக்கடலை, தேங்காய்ப் பல்லு, முழுத் திராட்சை எல்லாம் அதே வரிசை. விளையாட்டுச் சாமானில் 3.2 செ.மீ. குறுக்களவுள்ள குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அடைத்து, இருமவும் அழவும் முடியாமல் போனால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்வாக இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் ஐந்து அழுத்து. வெளியே வரும் வரை மாற்றி மாற்றி. இன்னொருவர் 108ஐக் கூப்பிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக்கூடாது, இன்னும் உள்ளே போகும். ஒரு வயதுக்கு மேலே நெஞ்சுக்குப் பதிலாக வயிற்றின் மேற்பகுதியை அழுத்துவது. இதை மாதம் ஒருமுறை பொம்மையை வைத்துச் செய்து பார்க்காவிட்டால் தேவைப்படும் நேரத்தில் கை வராது.

கிணறும் காய்ச்சலும்

பெரும்பாலான கட்டடங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். போடுகிறவர்களில் பலர் அளவில்லாமல் ஒரு கை அள்ளித் தூவுகிறார்கள். கணக்கு இப்படி: கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதே எண்ணால் பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். இரண்டு மீட்டர் குறுக்களவு, மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடர், ஆக 24 கிராம். அதை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிறைத்துக் கலக்கி, பத்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் தங்க விட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, அந்த வாளியைக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே இறைக்கலாம். திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் இருக்காது. மூக்கில் ஏறும் நெடி இல்லாவிட்டால் போட்டும் பயன் இல்லை. குடிக்கவும் பால் கலக்கவும் அப்போதும் கொதித்த நீர்தான்.

தரையும் மேடையும் துடைக்க ஒரு லிட்டருக்கு 3 கிராம் பவுடர். வாந்தி, வயிற்றுப்போக்கு விழுந்த இடத்துக்கு ஒரு லிட்டருக்கு 30 கிராம். ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். கரைத்தது அன்றைக்கு மட்டும்.

கிணற்றுக்கு இரும்பு வலை, பூட்டு. அதைவிட அதிகம் ஏமாற்றுவது வாளி. நடக்கப் பழகும் குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீர் போதும், தலைகீழாக விழுந்தால் எழ முடியாது. துணி ஊறவைத்த வாளி, கழுவிவிட்ட டப், எல்லாமே வேலை முடிந்ததும் கவிழ்த்துக் கிடக்க வேண்டும். அருகில் குளமோ கால்வாயோ இருந்தால் வெளிக்கதவுக் கொண்டி பெரியவர் தோள் உயரத்தில்.

காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினால், ஒரே நாளில் மூன்று முறை நீராகப் போனால், கண் சிவந்து பீளை கட்டினால், கை, கால், வாயில் கொப்புளம் வந்தால் வீட்டுக்கு. அம்மைக்குக் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகுதான் திரும்ப. இதைச் சேர்க்கும்போதே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும், ஏனென்றால் ஒரு நாள் கூலி போகும் அம்மா காலையில் மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கிக் கொண்டுவந்து விடுவார். பதினொரு மணிக்கு அது ஏறும். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அடுத்த வீட்டில் யார் பார்த்துக்கொள்வார் என்று முன்கூட்டியே பேர் வாங்கி வைத்தால் உதவும். தடுப்பூசி நாள் நம் மாநிலத்தில் புதன்கிழமை. பெண்டாவேலன்ட் போட்ட குழந்தைக்கு மறுநாள் சூடு இருக்கக்கூடும், தொடையைத் தொட்டால் அழும், மடியை விட்டு இறங்காது. ஆக வியாழக்கிழமை யாருக்கும் லீவு கொடுக்கவேண்டாம்.

வயிற்றுப்போக்கு தொடங்கியதுமே ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாதிப் பொட்டலத்தை அரை லிட்டரில் என்று கண்ணளவில் பிரிக்கக்கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வேறெந்த மருந்தும் மருத்துவர் சீட்டும் அம்மாவின் கையெழுத்தும் இல்லாமல் வேண்டாம், உரை மருந்தும் சேர்த்துத்தான். மாதம் ஒருமுறை எடை. ஆறு மாதத்துக்கு மேல் மேல்கைச் சுற்றளவு பார்க்கும் நாடாவில் 12.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, 11.5க்குக் கீழே என்றால் அன்றைக்கே. அங்கன்வாடியில் பேர் பதிந்திருந்தால் சத்துமாவு வாங்கும் உரிமை இருக்கும். காப்பகத்தில் சேர்ந்துவிட்டது என்று அதை விட்டுவிட வேண்டாம்.

மாலையில் அம்மா வந்து “பிள்ள சாப்பிட்டாளா டீச்சர்?” என்று கேட்டால் “நல்லா சாப்பிட்டா அக்கா” என்பது பதில் ஆகாது. “பதினொன்னே முக்காலுக்கு அரைக் கிண்ணம் கஞ்சி, மூணு மணிக்கு 90 மில்லி பால், ரெண்டு தடவ உறங்கினா, ஒரு தடவ வயித்தால போனா, கெட்டியா” என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரவு குழந்தை அழுதால் காரணம் தேட அந்த அம்மாவுக்கு இருப்பது இதுதான். அழைத்துப் போக வருபவர் மூன்று பேரின் படம் ஒட்டிய பட்டியலில் இல்லாவிட்டால், சித்தப்பாவே ஆனாலும், அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்காமல் அனுப்பக்கூடாது. எந்த நேரத்திலும் கட்டடத்தில் பெரியவர் இருவர். வேலைக்கு எடுக்குமுன் போலீஸ் சரிபார்ப்பு. உடலில் சந்தேகமான காயமோ தகாத தொடுதலின் அடையாளமோ தெரிந்தால் கமிட்டி கூட்டி முடிவெடுக்கும் விஷயமில்லை. 2012 போக்சோ சட்டப்படி போலீசில் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் பெரிதாக இருக்கட்டும்.

பணம் எங்கே போகிறது

இருபது பிள்ளை: கைக்குழந்தை ஆறு, ஒன்று முதல் மூன்று வயது ஆறு, பெரியவர்கள் எட்டு. மேலே சொன்ன அளவில் எந்த நேரத்திலும் நாலு டீச்சர் நிற்க வேண்டும். திறந்து வைப்பது, பூட்டுவது சேர்த்து நாளுக்குப் பத்து மணி நேரம், வாரம் 60. ஒருவர் வேலை செய்வது 48. ஆகவே ஓர் இடத்துக்கு ஒன்றே கால் ஆள்; லீவும் நோவும் சேர்த்தால் 1.4. சம்பளம் மாதிரிக்கு 12,000 என்று வைத்தால் ஓர் இடத்தின் செலவு 16,800. இப்போது பிரித்துப் பாருங்கள்: கைக்குழந்தை ஒன்றுக்கு 5,600, நடுவில் இருப்பவருக்கு 2,800, பெரிய பிள்ளைக்கு 2,100. நாலு இடமும் சேர்ந்து 67,200, சமையல்காரருக்கு 12,000, சாப்பாடு நாளுக்கு 30 ரூபாய் வீதம் 15,600, வாடகையில்லாத கட்டடத்துக்கும் கரண்ட், காஸ், சோப்பு, பழுது என்று 10,000. மாதம் 1,04,800. ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டணம் வாங்கினால் 20,000 வரும்.

மீதியைக் கொண்டுவருவதுதான் கமிட்டியின் வேலை, சுவருக்கு நிறம் தேர்வு செய்வதல்ல. 50 பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும், அது பொதுவான காப்பகமாகவும் இருக்கலாம், அம்மா நாளில் நாலு முறை வந்து பார்க்கலாம் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்தார்கள். அருகிலுள்ள ஆலை, மருத்துவமனை, ஜவுளிக்கடை ஒவ்வொன்றிடமும் நன்கொடை கேட்காமல் இடம் விற்கலாம்: உங்கள் ஊழியர்களுக்கு நாலு இடம், முழுச் செலவில். அப்படி நாலைந்து இடம் போனால் அதே அறையில் மீன் விற்கிறவரின் குழந்தைக்கும் இடம் கிடைக்கும். வளைகுடாவிலிருக்கும் ஊர்க்காரர்கள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வரை, வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டால், நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்க முடியாது. சங்கமாகப் பதிய 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். அந்த ஏழில் இரண்டு பேராவது குழந்தையை அங்கே விடுகிற அம்மாக்களாக இருந்தால் நேரமும் கட்டணமும் ஒழுங்காகப் பேசப்படும்.

கட்டணத்தை மாதம் ஒன்றாம் தேதி கேட்பது சம்பளக்காரருக்குச் சரி. அன்றாடம் காசு பார்ப்பவரிடம் வாரக் கடைசியில் வாங்குவது இருவருக்கும் எளிது. மீன்பிடித் தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31. நம் மாவட்டம் இரண்டிலும் இருக்கிறது, சின்னமுட்டத்துக்கு ஒன்று, குளச்சலுக்கு மற்றொன்று. அந்த இரண்டு மாதம் கட்டணம் வராது என்று ஜனவரியிலேயே வரவு செலவில் எழுதிவிட வேண்டும். அப்போது பிள்ளையை நிறுத்தச் சொன்னால் ஆகஸ்டில் திரும்ப வராது, வந்தாலும் முதலிலிருந்து பழக்க வேண்டும்.

ஜூனில் இன்னொரு அடி விழும். பெரிய பிள்ளைகள் எட்டுப் பேரும் எல்.கே.ஜி.க்குப் போய்விடுவார்கள். குறைந்த கையில் ஓடிய பகுதி அது. அவர்கள் கணக்கில் இருந்ததால்தான் பிள்ளைக்கு ஆகும் சராசரிச் செலவு குறைவாகத் தெரிந்தது. அந்த ஒரு மாதத்தில்தான் கமிட்டிக் கூட்டத்தில் யாராவது “கைக்குழந்தையைக் கொஞ்சநாள் எடுக்காம இருந்தா என்ன?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வருமுன் பதில் தயாராக இருக்க வேண்டும்: பிப்ரவரியில் காத்திருப்போர் பட்டியல், மார்ச்சில் இரண்டே முக்கால் வயதைத் தாண்டிய நடுப்பிள்ளைகளை மேல் அறைக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் அனுப்பிப் பழக்குவது, ஏப்ரலில் ஒன்றரை வயதுக்காரர்கள் நாலு பேரைப் புதிதாகச் சேர்ப்பது. புதியவர்களை ஒரே வாரத்தில் சேர்க்கவேண்டாம். வாரத்துக்கு இருவர் என்று வைத்தால், மே நடுவில் அறையில் ஒரே நேரத்தில் அழுகிற பிள்ளை இரண்டுக்கு மேல் இருக்காது.